வேகக் கார்களுக்கு டயர் விற்கிறவள்

டயர் வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு: கடைக்குள் வருகிற எல்லாருக்கும் டயரைப் பற்றி எல்லாம் தெரியும், கல்லாவில் இருக்கிறவளுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

கூகுளில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைச் சகோதரிகளே, அலமாரி முழுக்கப் பிரித்துக் காட்டிய பிறகு "பொம்மை மேல கெடக்கே, அத எடுங்க" என்று கேட்கப்பட்ட துணிக்கடைத் தோழர்களே, உங்களிடம் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தக்கலையில் திருவனந்தபுரம் ரோட்டின் மேலேயே எங்கள் கடை. என் கணவர் சரக்கு எடுக்கவும் லாரிக்காரர்களைப் பார்க்கவும் ஊர் சுற்றுவார். கடையில் நானும், வீல் அலைன்மென்ட் பார்க்கிற சுயம்பு அண்ணனும். சுயம்பு அண்ணனுக்கு நல்ல அடர்த்தியான மீசை. அது பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச வருடங்களாக எங்கள் பக்கம் தரையை ஒட்டிக்கொண்டு போகிற கார்கள் பெருகிவிட்டன. பின்னால் இரண்டு குழாய், உறுமல், கறுப்புக் கண்ணாடி. ரோடு மட்டும் அதே பழைய ரோடு. என் தம்பி அனீஷும் செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு டர்போ கார் வாங்கினான். தினமும் அதில்தான் திருவனந்தபுரத்துக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் வருகிறான். டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற மேடுபள்ளம், தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மாவட்டத்துக்கு ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை தொடங்குவதற்குள் தண்ணீரில் வழுக்காத டயர் நாலு அந்தக் காருக்கு மாட்டிவிட வேண்டும் என்பதுதான் இந்த வருடம் எனக்கு இருந்த ஒரே கவலை. சாயங்காலம் மேகம் கறுத்தால், அவன் வண்டி உறுமுகிற சத்தம் அவன் குடியிருக்கிற அடுத்த வீட்டில் கேட்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அதைச் சொன்னால் அவன் பதில் இதுதான்: "எக்கா, இது பெர்ஃபாமன்ஸ் கார். இதுக்க டயரு வேற. உனக்குத் தெரியாது."

ஆள் இல்லாத கடை

இரணியலிலிருந்து ஒருவர் வந்தார். புதுக் கார், அதற்கு வலித்துவிடும் என்கிற மாதிரி மெல்ல இறங்கினார். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆள் யாரும் இல்லியா?" என்றார். நான் உட்கார்ந்திருக்கிறேன், மின்விசிறி ஓடுகிறது, கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆள் இல்லையாம். எந்த ரோட்டில் அதிகம் ஓட்டுவீர்கள், பிரேக்கை எப்படிப் பிடிப்பீர்கள், மழையில் எடுப்பீர்களா என்று கேட்டேன். எல்லாப் பதிலையும் சுவரில் தொங்கிய காலண்டருக்குச் சொன்னார்.

அப்போது சுயம்பு அண்ணன், காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். அவரைக் கண்டதும் மனிதருக்கு உயிர் வந்தது. அண்ணன் என்னிடம் திரும்பி, "தங்கச்சி, சாருக்கு எது கொடுக்கணும்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அதையே அவர், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், சாரிடம் சொன்னார். சாருக்குப் புல்லரித்துவிட்டது. டயர் மாட்டி முடிந்ததும் என்மேல் இரக்கப்பட்டு ஒரு புத்திமதியும் சொல்லிவிட்டுப் போனார்: "நல்ல வேலக்காரன் அம்மா. இவர விட்டுராதீங்க. இவரு போனாருன்னா இந்தக் கடைய அடைக்க வேண்டியதுதான்."

நகத்தால் கிள்ளிய முதலாளி

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற முதலாளி. மகனுக்கு ஒரு வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். மகன் பக்கத்தில் நிற்கிறான். நான் ரோட்டை நன்றாகப் பிடிக்கிற ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். முதலாளி குனிந்து அதை முகர்ந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கிள்ளினார். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் பார்க்கிற பழக்கம் கை விடவில்லை போலிருக்கிறது, டயரையும் தூக்கப் பார்த்தார். இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

"இது நம்ம ரப்பர் இல்ல. நகம் இறங்குது" என்று தீர்ப்பு சொன்னார். நகம் இறங்குவதால்தான் ரோட்டைப் பிடிக்கிறது, மென்மையான ரப்பர் கொஞ்சம் சீக்கிரம் தேயும், ஆனால் வளைவில் பையன் வண்டிக்குள்ளேயே இருப்பான் என்று பொறுமையாகச் சொன்னேன். ரப்பர் மரத்தையே கண்டவருக்கு டயரைப் பற்றிச் சொல்லித் தர முடியுமா? கடையிலேயே கல் மாதிரிக் கிடந்த ஒரு டயரைக் காலால் தட்டி, அதைத்தான் மாட்டச் சொன்னார். நான் கடைசியாக ஒருமுறை மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். முதலாளி முடித்து வைத்தார்: "பிடிக்கிய டயரு தேயும்லா? நீங்க தேயாததா பாத்துத் தாங்க அம்மா. பிடிக்கியத அவன் பாத்துக்கிடுவான்."

பலாமரத்தடிக் கார்

வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் லீவில் வரும்போது ஓட்டுவதற்கென்றே ஒரு கார் வாங்கி வீட்டில் நிறுத்தி வைப்பார்கள். அப்படி ஒருவருடைய நீலக் கார் பலாமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வருடம் முழுக்க நிற்கும். லீவுக்கு வந்ததும் அதைக் கழுவித் துடைத்து, கோவளம் வரை ஒரு பறப்பு. இந்தத் தடவை ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வந்தார். பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. ஓரத்தில் பார்த்தால் வறண்ட குளம் மாதிரி வெடிப்பு.

டயர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை, ஒரே இடத்தில் நின்றாலும் ரப்பர் இறுகிக் கெட்டுப்போகும், அது தயாரான வருடம் டயரின் மேலேயே அச்சடித்திருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். அவர் அந்த எண்ணை வாசிக்கவே இல்லை. தன் வீட்டுப் பிள்ளையை நான் குறை சொன்ன மாதிரி அவர் முகம் சிவந்தது. அந்த டயரோடு மணிக்கு நூற்று நாற்பதில் போயிருக்கிறார், பின்சீட்டில் பிள்ளைகளும் இருந்தார்களாம். இனி இதில் ஓட்டாதீர்கள் என்றேன். அவர் திருப்பிக் கேட்டார்: "ஓடாத டயரு எப்பிடி அம்மா பழசாவும்? நான் ஊருல இல்லாதப்ப அத ஒருத்தரும் தொட்டது கூட இல்ல!"

குரூப்பில் உள்ள மேதை

இதற்கிடையில் அனீஷ் ஒரு வாட்ஸப் குரூப்பில் சேர்ந்துவிட்டான். வேகக் கார் வைத்திருப்பவர்களின் குரூப். அங்கே ஒரு மேதை, செமி ஸ்லிக் போடு என்று சொல்லியிருக்கிறார். அது என்னவென்றால், பந்தயத் தடத்துக்காகவே செய்த டயர், ரோட்டில் ஓட்டவும் சட்டம் அனுமதிக்கிறது. வெயில் காய்ந்த ரோட்டில் பசை மாதிரி ஒட்டும். ஆனால் தண்ணீரை வெளியே தள்ளுகிற வெட்டுகள் பேருக்குத்தான் இருக்கும். அடைமழையில் வேகமாகப் போனால் கார் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. பாதி மொட்டை என்று நான் பேர் வைத்தேன். அவனுக்குக் கோபம்.

மேதை எந்த ஊர் என்று விசாரித்தேன். மழையே காணாத ஏதோ பாலைவனத்தில் இருக்கிறாராம். என்ன கார் வைத்திருக்கிறார் என்றும் கேட்டேன். தம்பி கொஞ்சம் இழுத்தான். பிறகு மேதைக்காக வழக்காடினான்: "கார் இல்லேன்னா என்னக்கா? அவரு எல்லா வீடியோவும் பாத்திருக்காரு."

மாமியின் எடை

கல்யாணம் முடிந்த புதுசில் ஒரு மாப்பிள்ளை வந்தார். கம்பெனி போட்டுத் தந்த டயர் ஒல்லியாக இருக்கிறதாம், பின்னால் நின்று பார்த்தால் கம்பீரம் இல்லையாம். அளவுக்கு மீறின அகலத்தில் கேட்டார். சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் உரசும் என்றேன். உரசாது என்றார். பெண்வீட்டார் தந்த கார், பெண் பக்கத்தில் நிற்கிறாள், அவள் முன்னால் ஒரு டயர்க்காரியிடம் தோற்க முடியுமா? எழுதித் தருகிறேன் உரசும் என்று சொல்லி, மாட்ட மாட்டேன் என்றேன். வேறு கடையில் மாட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அதே கார் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் மாமியார், மடியில் ஒரு கூடை அயினிச்சக்கை, எங்கள் பக்கத்துக் காட்டுப் பலா. பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின் டயர் மேலே மோதி, ரப்பர் கருகுகிற நாற்றம். பார்த்துவிட்டு, பழைய அளவுக்கே மாற்றிவிடுங்கள் என்றேன். மாப்பிள்ளை மாமியாரை இறங்கச் சொன்னார். கூடையோடு இறங்கினார் அந்த அம்மாள். மாப்பிள்ளை வண்டியை ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து, என்னை ஜெயித்த சந்தோஷத்தில் சொன்னார்: "மாமிய இறக்கி விட்டா உரசல. டயருல குத்தம் ஒண்ணும் இல்ல, கேட்டேளா?"

பின்னால் வருகிறவன் கண்

மயிலாடியில் சிலைக்கூடம் வைத்திருப்பவர் கறுப்புக் கார் ஒன்றில் வந்தார். மழைக்கு ஏற்ற, ஒரே திசையில் சுழலும் டயர் கொடுத்தேன். அதன் வெட்டுகள் அம்பு மாதிரி ஒரு பக்கம் நோக்கி இருக்கும், திசை மாற்றி மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ளாமல் உள்ளே வாரும். சரியாக மாட்டிக் கொடுத்தோம். அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கண்ணைச் சுருக்கி, ஒரு கையை நீட்டி, சிலைக்கு மூக்கு பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

முன்னால் நின்று பார்த்தால் வெட்டு கீழே கூர்ந்து அழகாக இருக்கிறதாம். பின்னால் நின்று பார்த்தால் தலைகீழாகத் தெரிகிறதாம். ஆகவே பின்சக்கரம் இரண்டை மட்டும் திருப்பி மாட்ட வேண்டும். தண்ணீர், வழுக்கல், உயிர் என்று நான் சொன்னது எதுவும் அந்தக் கலைக் காதில் ஏறவில்லை. முடியவே முடியாது என்றதும் வருத்தத்தோடு வண்டியில் ஏறினார்: "முன்னால போறவன் திரும்பியா பாக்கப் போறான்? பின்னாலதானே அம்மா ஊரு முழுக்க வருது!"

பாதி மொட்டை வந்து இறங்கியது

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அனீஷ் காரின் பின்சீட்டை மடக்கிப் போட்டு நாலு செமி ஸ்லிக் டயரோடு வந்து நின்றான். ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். அக்கா கடையில் மாட்டிக்கொண்டால் போயிற்று என்று நினைப்பு. வெளியே ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, பஸ் போனால் கடை வாசல் வரைக்கும் அடிக்கிறது. நான் மாட்ட மாட்டேன் என்றேன். கெஞ்சினேன். கையைக் கூடப் பிடித்தேன். "நீ மாட்டல்லேன்னா மார்த்தாண்டத்துல மாட்டுவேன்" என்று சாவியை எடுத்தான். தேய்ந்த மொட்டை டயரில், அந்த மழையில், மார்த்தாண்டம் வரைக்கும் போய், அதைவிட மோசமானதை மாட்டிக்கொண்டு வருவான்.

எனக்கு இரணியல்காரர் ஞாபகம் வந்தார். பின்பக்கம் போய் சுயம்பு அண்ணனைக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் கையைத் துடைத்தார். மீசையையும் ஒருமுறை தடவிக்கொண்டார், அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியே வந்து அந்த டயரைக் காலால் ஒரு தள்ளு தள்ளி, "தம்பி, இது வெயில் டயரு. நமக்க மழையில இது தண்ணிக்க மேல ஏறிரும். உன் வண்டிக்கு உள்ள இழுப்புக்கு, தண்ணிய வெட்டித் தள்ளுகிய டயருதான் கெத்து" என்றார். கடைசிச் சொல் தவிர மற்றதெல்லாம் மாதக் கணக்காக நான் சொல்லி வந்ததுதான். தம்பி கண்ணில் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். தலையாட்டினான். "அப்பிடியாண்ணே?" என்றான். நான் எடுத்து வைத்திருந்த நாலு டயரும் ஏறின. பாதி மொட்டைகள் கடை மூலையில் கிடக்கின்றன, யாருக்காவது பாலைவனத்தில் சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். உறுமல் கேட்டது. அந்த உறுமலை எத்தனை தடவை சபித்திருப்பேன், அன்றைக்கு அது காதில் விழுந்ததும் கண் நிறைந்துவிட்டது. நனைந்த தலையோடு நேராக என் அடுக்களைக்கே வந்தான். களியக்காவிளை தாண்டி வளைவில் ஒரு வேன் குறுக்கே வந்ததாம், பிரேக்கில் கால் வைத்த இடத்திலேயே வண்டி நின்றதாம். என் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்: "சுயம்பண்ணன் சொல்லல்லேன்னா இன்னைக்கு எனக்க கதை முடிஞ்சிருக்கும், கேட்டியா? இத்தன வருசமா டயர் கடையில இருக்கியே எக்கா, உனக்கு இதொண்ணும் தெரியாதா?"

ஆகவே சக துன்பவாசிகளே, நல்ல டயருக்கு வேண்டியது மென்மையான ரப்பரும் ஆழமான வெட்டும்தான், ஆனால் அதை ஒருத்தன் தலையில் ஏற்றுவதற்குக் கடையில் ஒரு மீசையும் ஸ்டாக் இருக்க வேண்டும்.