சுருளியாண்டி ஊதாத சைரன்

கூடலூருக்கு மேலே, மலையடி மின்நிலையத்தில் சைரன் ஊதுவது சுருளியாண்டியின் வேலை. மேலே அணை மதகைத் திறக்குமுன் போன் வரும். அவர் பொத்தானை அமுக்குவார். ஆற்றுக்குள் நிற்பவர்கள் கரையேறிவிடுவார்கள். அவர் ஊதினால் குமுளியில் டீ ஆற்றுகிறவருக்குக் கை நடுங்கும், கம்பத்தில் காயாகத் தொங்கும் திராட்சை பழுத்துவிடும். சந்தேகமென்றால் தின்றவர்களைக் கேளுங்கள்.

இளவயதில் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டியவர். மலையாளத்தை மலையாளிகளுக்கே திருத்திச் சொல்வார். "நமக்கு வெள்ளம்னா ஊரையே அடிச்சுட்டுப் போறது. அவுகளுக்கு வெள்ளம்னா குடிக்கிற தண்ணி. அம்புட்டுத்தான் மலையாளம்" என்று டீக்கடையில் வகுப்பெடுப்பார்.

போன ஐப்பசியில் குடியிருப்புக் குழாயில் குடிதண்ணீர் வரவில்லை. மதகைப் பார்த்துக்கொள்ளும் மலையாளியிடம் அதையும் சொல்லிப் புலம்பியிருந்தார். மறுநாள் அந்த ஆள் போனில் அவசரமாகக் கத்தினார்: "சேட்டா, வெள்ளம் வருன்னுண்டு!"

எந்தத் தண்ணீர் என்று சுருளியாண்டி கேட்கவில்லை. "வரட்டும், வரட்டும்" என்று போனை வைத்தார். குடத்தைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தார்.

குழாயில் காற்றுகூட வரவில்லை. ஆற்றில்தான் இரைச்சல் வந்தது.

ஓடினார். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட இறங்கிய ராமுத்தாய், அவரைவிட மூத்தவள், சுழலுக்குள் தத்தளித்துக்கொண்டிருந்தாள். குதித்துக் கொண்டையைப் பிடித்து இழுத்து வந்தார். ஆடுகள் போய்விட்டன.

இந்தக் கதை ஆற்றோடு கீழே வீரபாண்டி ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் ஆற்றில் ஒரு முதலையும் சேர்ந்துகொண்டது. கோயில் பங்குனிப் பொங்கலில் சுருளியாண்டிக்குப் பரிவட்டம் கட்டுவதென்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. சைரன் கெட்டிருக்கும் என்று ஊரே சொல்லிக்கொண்டது. அவர் இல்லையென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கமே போகவில்லை. ராமுத்தாய் எதிரே வந்தால் தெரு மாறுவார். அவளோ விரட்டிப் பிடித்து, "சாமியாட்டம் வந்தியேப்பா" என்று கும்பிடுவாள்.

பொங்கலன்று பூசாரி பட்டுத்துணியை அவர் நெற்றிக்குக் கொண்டுவந்தார். சுருளியாண்டி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பூசாரி. சைரன் நல்லாத்தான் இருந்துச்சு. மேலருந்து வெள்ளம் வருதுன்னு சொன்னாக. நான் குடிதண்ணின்னு நெனச்சுக் குடத்தக் கொண்டுபோயி வச்சேன்."

மேளம் நின்றது. ராமுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏலே, அப்ப என் ஆடு?"

"நான்தான் ஆத்தா கொன்னேன்."

"இத்தன நாளா உன்னயக் கும்புட்டேனே! அந்தக் கும்புடையாச்சும் திருப்பிக் குடுறா!"

சிரிப்பதா வேண்டாமா என்று ஊருக்குத் தெரியவில்லை. பூசாரி பரிவட்டத்தை மடித்துத் தட்டில் வைத்தார். சுருளியாண்டி சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ராமுத்தாயைப் பார்த்துக் கைகூப்பினார்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"ஒண்ணு கழிஞ்சுச்சு. மிச்சம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.