பாத்தியில் நின்ற நீலப் பாவாடை

அந்த நீலப் பாவாடையைத் தூரத்தில் பார்த்ததும் அக்காதான் கீரைப் பாத்தி நடுவே நிற்கிறாள் என்று நினைத்துக் கையசைத்தேன். கிட்டே போனபோதுதான் தலை இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த பானை தெரிந்தது. வைக்கோல் பொம்மை. பாவாடையும் சரி, பையில் மைக்கறை படிந்த வெள்ளைச் சட்டையும் சரி, அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போனவை.

அக்கா என் பெரிய மாமாவின் ஒரே மகள். நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர்களுக்கு அயனம்பாக்கம் ஏரியோரம் கீரைத் தோட்டம். மாமி இறந்ததும், தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று மாமா அவள் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். உயிரோடிருப்பவர் துணியைப் பொம்மைக்கு மாட்டினால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அம்மா கத்தினாள்: "இன்னாண்ணா இது! உசுரோட கீற பொண்ணு துணிய பொம்மைக்கா மாட்டுவாங்க?" மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே அந்தத் துணிய எங்க போட்டுக்கினு போப்போறா? காக்காவாவது பயப்படட்டும்." அழுதது நான்தான். அக்கா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அந்த மனிதரோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பேசப் பிடிக்கவும் இல்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு, சென்ற மாதம் அக்கா வற்புறுத்திக் கூப்பிட்டாள் என்று போனேன். சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் அதே நிலம். இப்போது அக்காவும் தெருப் பெண்களும் சேர்ந்து பயிர் செய்கிறார்கள். கீரையும் காயும் விற்று வருவது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. தகரக் கொட்டகையில் பிள்ளைகள் உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் எந்தப் பிள்ளையாவது மண்வெட்டியைத் தொட்டால், அக்கா அதன் அம்மாவைக் கூப்பிட்டுச் சண்டை போடுவாளாம். சிரித்தபடி இதைச் சொல்லிக்கொண்டே அவள் முன்னால் நடந்தாள். நான் பாதி வழியில் நின்றுவிட்டேன்.

வெண்டைப் பாத்தியில் மாமா கைகளை விரித்து நின்றார். அவருடைய கட்டம் போட்ட சட்டை, தோளில் அவர் எப்போதும் போடும் சிவப்புத் துண்டு. மேலே பானை.

"மாமா... எப்பக்கா?" என்றேன்.

"அய்ய! அதோ குந்திகினு கீறாரு பாரு."

கொட்டகை ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், வெற்றுடம்போடு மாமா வாழைநாரில் கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்கிறவர் சட்டையையா மாட்டின?"

"நான் எங்க மாட்டினேன்? இங்க படிச்ச பொண்ணு ஒண்ணு காலேஜுல சேந்துச்சு. அன்னிக்கு அவுரே கயட்டி மாட்டிட்டாரு. வாணாம்பான்னேன், கேக்கல."

"உங்கிட்ட மன்னிப்பு கேட்டாரா?"

"அவுரா? சட்டையத்தான் குடுத்தாரு." பொம்மையின் துண்டைச் சரிசெய்தபடி சொன்னாள்: "எடுத்துடலாம்னு தெனமும் வந்து நிக்கறேன். மனசு வரல."

அது பாசமா, ஆறாத கோபமா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

காற்றில் சட்டை உப்பி அடங்கியது. கொட்டகைப் பக்கம் திரும்பினேன். மாமா என்னை அடையாளம் கண்டு கையை உயர்த்தினார். அன்று ஒரு பொம்மைக்குக் கையசைத்தவள் நான். உயிருள்ள மனிதருக்கு என் கை எழவில்லை.