நிஜாம் பாய் சரிபார்த்த பெயர்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது நண்பர் நிஜாமுதீனின் மனைவி ஷகிலாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர் மாலையில்தான் பேசுவது வழக்கம். வெளியே வந்து எடுத்தேன். பேசியவர் அவருடைய தம்பி.

"சித்ராக்கா, மச்சான் தவறிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர்கள் வீடு இருக்கும் பீர்க்கன்கரணைக்கு ஆட்டோ பிடித்ததும், ஏரிக்கரை வளைவில் ஓட்டுநர் "எந்தத் தெரு மேடம்?" என்று கேட்டபோது கையைக் காட்டியதும் மட்டும் நினைவிருக்கின்றன.

நிஜாமுதீன் அவர்களுக்கு நாற்பத்து மூன்று வயது. எங்களுக்கு அவர் நிஜாம் பாய். அவருடன் ஏழு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்தேன். அவரை அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது எங்கள் நிறுவனம். ஐந்து பேர், நான்கு கம்ப்யூட்டர். சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். நானும் அவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். அதற்கு முன் அவர் தம் தந்தையாரின் இரும்புச் சாமான் கடையில் இருந்தவர். முப்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் கற்றார். ஒரு பக்கம் செய்து முடித்தால் அதை எங்கள் அலுவலகத்தில் திறந்து பார்த்துத் திருப்தி அடைய மாட்டார். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்குள்ள பழைய மெஷினில் திறந்து பார்ப்பார். "நம்ம லைன் ஃபாஸ்ட்டு. ஊர்ல இருக்கிற லைன்ல தொறக்கணும்ல?" என்பார்.

ஒரு நாள் அப்படிப் போனவர் முகம் இறுகித் திரும்பி வந்தார்.

அந்த மாதம்தான் எங்களிடம் ஒரு பழைய இணையதளம் வந்து சேர்ந்திருந்தது. வங்கியில் ஓய்வு பெற்ற ராகவன் சார், சேலையூரில் இருந்துகொண்டு எட்டு ஆண்டுகளாக நடத்திய, ரத்ததானம் செய்பவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியல் அது. முதலில் அதைச் செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். 'அப்படியே பார்த்துக்கொண்டால் போதும்' என்பதுதான் எங்களுக்கு இடப்பட்ட வேலை.

பிரவுசிங் சென்டரில் அதே இணையதளத்துக்கு முன்னால் ஒருவர் நின்றிருக்கிறார். வண்டலூர்ப் பக்கத்து ஆள், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அங்கே வேலை செய்த பெண் அவருக்காக முகவரியைத் தட்டிக் கொடுத்திருக்கிறார். திரையில் ஒரு சிவப்புத் துளி சொட்டிக்கொண்டே இருந்ததாம். பெயர்கள் வரவில்லை.

"இன்னாமா, இன்னும் வரலியா?"

"லோடு ஆவுது அண்ணா."

"இது தொறக்காது போலகீது. நான் வேற எங்கனா பாத்துக்கிறேன்."

அவர் போய்விட்டார். அது எங்கள் பொறுப்பில் இருக்கும் தளம் என்று நிஜாம் பாய்க்கு உறைத்து, வெளியே ஓடி வருவதற்குள் அந்த மனிதரைச் சந்தைக் கூட்டத்தில் காணவில்லை.

"நம்ம சைட்டு, சித்ரா. நம்ம சைட்டுதான் அது" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் டீ குடிக்கவில்லை. அந்த மனிதருக்கு ரத்தம் கிடைத்ததா என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவரவில்லை.

மறுநாளே தளத்தைப் பிரித்துப் போட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே பக்கத்தில் இருந்தன. முகாம் படங்கள் கேமராவிலிருந்து எடுத்தபடியே பெரிய அளவில் கிடந்தன. பார்ப்பவருக்குத் தெரிவதோ தபால் தலை அளவு. பின்னணியில் வீணை இசை. யாரும் பயன்படுத்தாத பழைய பக்கங்கள் 'புதியது', 'புதியது 2', 'கடைசி', 'இதுதான் கடைசி' என்ற பெயர்களில் அடைந்து கிடந்தன. அந்தக் கடைசிப் பெயரைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். படங்களைச் சுருக்கினார். பெயர்களை ரத்த வகைப்படி தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்தார். அதே பிரவுசிங் சென்டரில் என்னை உட்காரவைத்து, கையில் கடிகாரத்தைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆகியும் வராத பட்டியல், கால் நிமிடத்துக்குள் வந்தது.

ராகவன் சார் தொலைபேசியில், "மியூசிக் எங்கப்பா?" என்றார்.

"சார், ரத்தம் தேடி வர்றவங்க பாட்டு கேக்க வரல சார்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நிஜாம் பாய் பட்டியலில் இருந்த ஓர் எண்ணைச் சும்மா அழைத்துப் பார்த்தார். அது ஒரு துணிக்கடை. அடுத்தது ஏழு இலக்கப் பழைய எண். எண்கள் எட்டு இலக்கமாகிவிட்டதால், முன்னால் '2' சேர்க்காமல் அது எங்கும் போகாது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேகமா தொறந்து தப்பு நம்பரைக் காட்டறதுக்கு, மெதுவாவே தொறந்திருக்கலாம்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் எல்லா எண்களையும் அழைத்தோம். எனக்கு அலுப்பாக இருந்தது. இது நம் வேலையா என்று ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் என் பங்கு எண்களையும் தாமே எடுத்துக்கொண்டார். வெட்கமாகிவிட்டது, மறுநாள் திரும்ப வாங்கிக்கொண்டேன். சிலர் துபாயில் இருந்தார்கள். ஒரு பெரியவர், "எனக்கு அறுபத்தஞ்சு ஆவுது தம்பி, எங்கிட்ட இன்னா ரத்தம் கீது?" என்று சிரித்தார். ஒரு வீட்டில் தாயார் எடுத்து, மகன் இறந்து இரண்டு ஆண்டாயிற்று என்றார். நிஜாம் பாய் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். அந்த அம்மா மகனைப் பற்றிப் பேசி முடிக்கும் வரை உட்காரவில்லை.

முந்நூற்றுச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவற்றைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். ராகவன் சாரிடம் கேட்கவில்லை. அது நிஜாம் பாய் செய்த பிழை.

மறுநாள் ராகவன் சார் மாடிப்படி ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது. "எட்டு வருஷமா நான் வெயில்ல அலைஞ்சு சேத்த பேருங்க அது. அழிக்கறதுக்கு நீங்க யாரு?"

எங்கள் முதலாளி, "கஸ்டமர் கேட்டா போட்டுக் குடுங்க பாய், நமக்கென்ன?" என்றார்.

"கேக்காம அழிச்சது என் தப்பு சார். மன்னிச்சுக்குங்க" என்று கைகூப்பினார் நிஜாம் பாய். பிறகு பழைய பட்டியலை அச்செடுத்து அவர் முன்னால் வைத்து, தொலைபேசியை நகர்த்தினார். "நீங்களே பத்து நம்பர் போட்டுப் பாருங்க சார். பத்துல அஞ்சு கிடைச்சா, எல்லாத்தையும் நானே திரும்ப ஏத்தறேன்."

ராகவன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழைத்தார். ஆறாவது எண்ணும் கிடைக்காமல் போனதும் ரிசீவரை வைத்தார்.

"இத்தனை நாளா இதை நம்பி யார் யார் கூப்பிட்டாங்களோ" என்றார்.

"இனிமே கூப்பிடறவங்களுக்குக் கிடைக்கட்டும் சார்."

ராகவன் சார் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தம் பழைய ஸ்கூட்டரில் தெருத்தெருவாகப் போய், விட்டுப்போனவர்களில் பலருடைய புது எண்களை அவரே கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். நிஜாம் பாய் ஒவ்வொன்றையும் அழைத்துப் பார்த்த பிறகே ஏற்றினார். அந்த மழைக்காலத்தில் பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் அழைத்து, பிரசவத்தில் இருந்த தம் மனைவிக்கு எங்கள் பக்கத்தைப் பார்த்து இரண்டு பேர் வந்து ரத்தம் கொடுத்ததாகவும், தாயும் பிள்ளையும் நலம் என்றும் சொன்னார். நிஜாம் பாய் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்தபோது கண்கள் ஈரமாக இருந்தன. "தூசி" என்றார்.

அதன்பின் எங்கள் நிறுவனம் மூடப்பட்டது. ஆளுக்கொரு பக்கம் போனோம். பேச்சு விட்டுப்போகவில்லை. பெருநாளுக்கு ஷகிலா அனுப்பும் பிரியாணியும் நிற்கவில்லை.

செவ்வாயன்று மாலை ஆண்கள் அவரை அடக்கத்துக்கு எடுத்துச் சென்ற பிறகு ஷகிலாவின் அருகில் உட்கார்ந்திருந்தேன். "இவ்வளவு பேருக்கு இவரைத் தெரியும்னு எனக்கே தெரியாது சித்ரா" என்றார் அவர். கையைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே இருந்தபோது எனக்கு நினைவில் வந்தது, போன மாதம் பழைய நண்பர்கள் எல்லோரும் குடும்பத்தோடு கோவளம் போன நாள். அவருக்கு நீச்சல் தெரியாது. கடலில் இறங்க மாட்டேன் என்று கரையிலேயே நின்றுவிட்டார். எங்கள் செருப்புகளெல்லாம் அவர் காலடியில் வரிசையாக, எங்கள் கைபேசிகளெல்லாம் அவர் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலுமாக. அலைக்குள் நின்று திரும்பிப் பார்த்தேன். ஏதோ ஒரு கைபேசி அடித்திருக்க வேண்டும். எடுத்துக் காதில் வைத்து, எங்கள் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே, எதிர்முனையில் இருந்தவர் கண்ணால் பார்ப்பது போல விளக்கிக்கொண்டிருந்தார்.

"அவங்க கடல்ல நிக்கறாங்க. நல்லா இருக்காங்க, சிரிச்சுட்டிருக்காங்க. வந்ததும் பேசச் சொல்றேன்."

போய் வாருங்கள், நிஜாம் பாய்.