பெண் உட்கார்ந்தால் 'ஸ்' வரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொம்மனஹள்ளியில் சுமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு அவளும் நானும் ஃபிரெஞ்சில் கிசுகிசுத்தது இரண்டே வாக்கியம். அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்த வாரக் கதை.

சுமதி என் ஃபிரெஞ்சு வகுப்புத் தோழி. என்னைவிட நிறையவே சின்னவள். அப்பாவுக்கு ஹெப்பகோடியில் ஃபேக்டரி வேலை. இவளுக்கு ஓசூர் ரோட்டில் ஒரு ஆபீஸ். பிரான்சில் யாரோ பிரின்டர் வாங்குவார்கள், அது ஓடாது, திட்டி ஈமெயில் எழுதுவார்கள். இங்கிருந்து இவள் ஃபிரெஞ்சில் மன்னிப்புக் கேட்பாள். அதற்குச் சம்பளம். அந்த வேலை கிடைக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நீங்கள் ஏன் ஃபிரெஞ்சு படிக்கிறீர்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். வம்பு பேசத்தான்.

பெங்களூரில் நாலு பேர் நடுவில் ரகசியம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? ஈஜிபுரா பஸ்ஸில் தமிழில் பேசினால் டிரைவர் வரைக்கும் புரியும். கன்னடம் — கேட்கவே வேண்டாம். தெலுங்கு, உருது, இந்தி, இங்கிலீஷ்... எதில் வாயைத் திறந்தாலும் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். இந்த ஊரில் காது கேட்கிற எல்லோருக்கும் ஐந்து பாஷை தெரிகிறது. மனுஷி எங்கே போவாள்?

ஆக, ஃபிரெஞ்சு. சுமதியும் நானும் பஸ்ஸில், கடையில், கல்யாண வீட்டில் என்று ஊரையே ஃபிரெஞ்சில் மென்று துப்பிக்கொண்டிருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த வாரம் ஷீலா மிஸ் எங்களுக்கு 'பாஸ்ட் சப்ஜங்க்டிவ்' நடத்தியிருந்தார். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

'அவர் வந்தார்' என்று சொன்னால் அது வெறும் செய்தி. அதற்கு சாதாரண இறந்த காலம் போதும். ஆனால் 'அவர் வந்தது சந்தோஷம்', 'வந்தது வருத்தம்', 'வந்திருப்பார் என்று நான் நம்பவில்லை' — இப்படி, நடந்து முடிந்த ஒன்றின் மேல் நம் மனசையும் கொஞ்சம் தடவிச் சொன்னால், ஃபிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த வினைச்சொல்லே வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வரவேண்டும்.

உடுப்பு தைப்பது சுலபம். 'அவுவார்', 'எத்ர்' என்று இரண்டு துணை வினைகள். அதில் ஒன்றை சப்ஜங்க்டிவ் வடிவத்தில் நிறுத்தி, பக்கத்தில் முக்கிய வினையின் முடிந்த வடிவத்தை வைத்தால் வேலை தீர்ந்தது. முக்கால்வாசி வினைகளுக்கு 'அவுவார்'. போவது, வருவது, பிறப்பது, சாவது மாதிரி சிலவற்றுக்கு 'எத்ர்'. உட்கார்வது, எழுந்திருப்பது போன்றவற்றுக்கும் 'எத்ர்'தான். அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. போனது, வந்தது, உட்கார்ந்தது ஒரு பெண் என்றால், கடைசியில் பெண்பால் விகுதி சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அது எழுத்தில்தான் தெரியும். சில வினைகளில் மட்டும் காதிலும் விழும். ஆண் உட்கார்ந்தால் 'அஸீ'. பெண் உட்கார்ந்தால் 'அஸீஸ்'.

யோசித்துப் பார்த்தால், நம் சொந்தக்காரர்கள் பேசுவதில் பாதி இந்த சப்ஜங்க்டிவ்தானே? 'நீங்க நேரத்துக்கு வந்ததுல ரொம்ப சந்தோஷம்.' 'இதை அவளே சமைச்சிருப்பான்னு எனக்குத் தோணல.' ஃபிரெஞ்சுக்காரர்களுக்கு இதற்கு ஒரு அத்தியாயம் தேவைப்படுகிறது. நம் அத்தைகளுக்கு ஒரு 'ம்' போதும்.

கதைக்கு வருகிறேன்.

முந்தின நாள் சுமதி போன் செய்தாள். "அக்கா, நாளைக்கு நீங்க என் பக்கத்துலயே உக்காரணும். கல்யாணத்துக்கப்புறம் வேலையை விடச் சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு. அப்பாவைக் கேக்கச் சொன்னா, அதெல்லாம் இப்ப எப்படிம்மா கேக்கறதுங்கறாரு."

போனேன். மாப்பிள்ளை பிரபு சாஃப்ட்வேர்க்காரர். நல்ல முகம். ஆனால் கிளிப்பச்சையில் ஒரு சட்டை. அவருடைய அம்மா, அல்சூரில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம் என்று ஆரம்பித்தார். கூட வந்திருந்த பெண்ணைக் காட்டி, "இது மாலதி. எங்க பெரிய பொண்ணு. பாண்டிச்சேரில குடுத்திருக்கோம்" என்றார்.

பாண்டிச்சேரி என்ற சொல் என் காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை.

மாலதிக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். சிரிக்காத முகம். நேராக வந்து, எனக்கும் சுமதிக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் உட்கார்ந்துவிட்டார். எதிரே மூன்று காலி நாற்காலி இருந்தது.

சுமதி அவர் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து, என் பக்கம் திரும்பி, வெற்றிலைத் தட்டைப் பற்றிக் கேட்பது போன்ற முகத்துடன் சொன்னாள்: "ஜெ ரெக்ரெத் கெல் ஸெ ஸ்வா அஸீ இஸி."

இந்தம்மா இங்கே வந்து உட்கார்ந்தது எனக்கு வருத்தம். புதுப் பாடம், சுடச்சுட.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அதே சப்ஜங்க்டிவில் மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று எடுத்துவிட்டேன். இந்தச் சட்டையை அவரே தேர்ந்தெடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை, என்று.

மாலதி கையிலிருந்த காபியை ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். யார் பக்கமும் திரும்பாமல், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அஸீ இல்லம்மா. அஸீஸ். பொண்ணு உக்காந்தா 'ஸ்' வரும்."

கொஞ்சம் விட்டு, "சட்டை நான் எடுத்தது" என்றார்.

சுமதியின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு உடனே ஈஜிபுரா பஸ் பிடிக்கத் தோன்றியது. விஷயம் பிறகுதான் தெரிந்தது — மாலதியின் கணவர் வீட்டில் எல்லோரும் பிரான்ஸ் குடியுரிமைக்காரர்கள். மாலதி பல வருஷம் லியோனில் குடித்தனம் செய்துவிட்டு வந்தவர்.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, போண்டாவை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தார். "எங்க வீட்டுக்கு வந்தப்புறம் வேலை கீலை எல்லாம் எதுக்கு? பிரபு சம்பாதிக்கறான். பொண்ணு சும்னே வீட்ல ஜாலியா இருக்கலாம்." (கன்னடத்து 'சும்னே' நம் 'சும்மா'தான்.)

சுமதியின் அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை போண்டாவைப் பார்த்தார். சுமதி யாரையும் பார்க்கவில்லை.

அப்போது மாலதி அவள் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாக ஃபிரெஞ்சில் கேட்டார். உனக்கு வேலையை விட இஷ்டமா?

"என்னடி பேசறீங்க?" என்றார் அம்மா.

"பாடம் கேக்கறேன்மா. பொண்ணு உண்மையாவே படிச்சிருக்காளான்னு பாக்க வேணாமா?"

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "கேளு, கேளு. நல்லாக் கேளு" என்று அடுத்த போண்டாவை எடுத்தார்.

சபை நடுவில், இரண்டு குடும்பமும் பரீட்சை என்று நினைத்து வேடிக்கை பார்க்க, சுமதி பதில் சொன்னாள். விட மாட்டேன். இது நானே தேடிக்கொண்ட வேலை. தமிழில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. தடுமாறிய ஃபிரெஞ்சுதான், ஆனால் முழுவதும் சொல்லிவிட்டாள்.

மாலதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம்.

"ஜெ ரெக்ரெத் கெ பெர்சோன் நெ மெ லே தெமாந்தே."

என்னிடம் இதை ஒருவரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாராம். தேதி குறித்த மறுநாள் அவருடைய அப்பாவே போய் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இதுவும் நான் பிறகு தெரிந்துகொண்டதுதான். அந்த நிமிஷம் எனக்கு வாக்கியம் மட்டும்தான் தெரியும். துணை வினை சரி, முடிந்த வடிவம் சரி, ஷீலா மிஸ் முழு மார்க் போட்டிருப்பார்.

மாலதி தம்பியிடம் திரும்பினார். தமிழில்.

"டேய் பிரபு. இந்தப் பொண்ணு கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவா. உனக்கு சரியா?"

பிரபு அம்மாவைப் பார்த்தார்.

"அங்க ஏன் பாக்கற? என்னைப் பாத்துச் சொல்லு."

"எனக்கென்னக்கா... போகட்டும். நான் எப்ப வேணாம்னேன்? என்னை யாருமே கேக்கல."

"இப்ப கேட்டாச்சு. அம்மா, அவன் சரிங்கறான்."

அம்மா வாயில் போண்டா இருந்தது. அது உள்ளே போவதற்குள் சுமதியின் அப்பா எழுந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அந்த மனுஷனுக்குள் அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

உள்ளே போய்ச் சுமதியிடம், "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றேன். "சட்டையைத் தவிர மத்ததெல்லாம் பரவாயில்லக்கா" என்றாள். போன வாரம் நிச்சயதார்த்தம் முடிந்தது. மாலதியும் அவளும் தினம் போனில் ஃபிரெஞ்சில் சிரித்துக்கொள்கிறார்கள். என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை.

முந்தாநாள் மாப்பிள்ளையின் அம்மா எனக்கு போன் செய்தார். சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அன்னிக்கு மாலதி அந்தப் பொண்ணுகிட்ட என்னமோ சொன்னாளே... சொன்னதும் உங்க முகமே மாறிப்போச்சு. நான் பாத்தேன். என்ன சொன்னா?"

அட, போண்டாவுக்கு நடுவில் அதையும் கவனித்திருக்கிறார்.

"நான் சொன்னா சரியா இருக்காதும்மா. உங்க பொண்ணுதானே? அவங்களையே கேளுங்க. தமிழ்லயே கேட்டா சொல்லிடுவாங்க" என்றேன்.



"அதாம்மா பயம்" என்றார். "தமிழ்ல கேட்டா சொல்லிடுவாளே."