வெயிலடித்தால் பள்ளிக்கூடம்

குலசேகரத்துக்கு மேலே எங்கள் பள்ளிக்கூடம் மழை பெய்தால்தான் நிறையும். அஞ்சுகிராமத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு டீச்சருக்கு இது தெரியாது. கொட்டுகிற மழையில் யார் வரப்போகிறார்கள் என்று சாவகாசமாக வகுப்புக்குள் நுழைந்தவர் திகைத்து நின்றுவிட்டார். உட்கார இடமில்லை. மறுநாள் பளிச்சென்று வெயில். பாதி பெஞ்சு காலி.

மழையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு கிடையாது, அவ்வளவுதான் காரணம். மற்ற நாட்களில் பெரியவர்கள் விடியுமுன் பட்டையைக் கீறிவிட, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்ப்பது பிள்ளைகள் வேலை. தாமதித்தால் பால் உறைந்து, குறைந்த விலைக்குப் போகும்.

அப்பா இல்லாத வீட்டில் அம்மா பகவதியம்மாளுக்கு நான் ஒருத்திதான். ஒடிந்து கூடின கையால் அவள் பட்டை கீறிவிடுவாள்; வாளி தூக்க முடியாது. நான் பத்தாம் வகுப்பு படிக்கையில் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இனியும் லீவு போட்டா இந்துஜாவைப் பரீட்சை எழுத விடமாட்டாங்கம்மா."

அம்மா அழுதாள். அடுத்த தோட்டத்தில் வெட்டுகிற குமாரதாஸ் மாமாவுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. ஊரிலேயே பெரிய முன்கோபக்காரர். கூப்பிடாமலே வந்து முற்றத்தில் நின்று கத்தினார்.

"ஏட்டி, நாளைக்கு வெயிலடிச்சா நீ பள்ளிக்கூடம் போற. தோட்டத்துல ஒன்னக் கண்டேன்னா கால ஒடிச்சிருவேன். பால நான் எடுக்கேன்."

எடுத்தார். எங்கள் பாலை முதலில், தன்னுடையதைப் பிறகு. அதற்குள் அவர் சிரட்டைகளில் பாதி உறைந்திருக்கும். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, முதல்ல ஒங்க பால எடுங்க."

"பாலு நாளைக்கும் வடியும், பகவதி. பிள்ளைக்க பரீட்ச நாளைக்கும் வருமா?"

சீருடையில் நான் தோட்டத்து வழியே ஓடுவேன். மாமா வாளியோடு நின்று பார்ப்பார். கையசைத்தால் முறைப்பார். அந்தக் காலைகளுக்காக மனசு இன்றும் ஏங்குகிறது.

பரீட்சை எழுதினேன், தேறினேன். இப்போது தக்கலைப் பக்கம் நானே ஒரு டீச்சர். மாமாவுக்குக் கால்முட்டு தேய்ந்து, வீட்டோடு இருக்கிறார். போன வாரம் அடைமழைக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். காலையிலேயே மாமாவின் போன்.

"ஏட்டி, மழைக்கு லீவு விட எவனுக்குப் புத்தி போச்சு? மழ நாள்லதானே பிள்ளையளுக்கு வர முடியும்?"

"இப்ப யாரு மாமா பிள்ளையள பால் எடுக்க விடுகா?" என்று சிரித்தேன்.

மாமா விடவில்லை.

"ஒண்ணாவது இருக்கும். நல்லா விசாரிச்சுப் பாரு. இருந்தா சொல்லு, நான் வாளிய எடுத்துட்டு வாறேன்."

கம்பு ஊன்றாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாத மனிதர்.

மறுநாள் வெயில். பேர் வாசிக்கும்போது ஒரு பெண் வரவில்லை. முன்பானால் அடுத்த பேருக்குப் போயிருப்பேன். அன்று சாயங்காலம் அவள் வீட்டைத் தேடிப் போனேன்.