சீவிய உரித்து

மகள் முதன்முதலாக அந்த வீட்டை எனக்குக் காட்டியபோது, பின்தோட்டத்தில் போய் நின்று கைபேசியைக் கையை நீட்டிப் பிடித்தாள். புல், ஒரு பலகை வேலி, வேலிக்கு அப்பால் வேறு ஆட்களுடைய கூரைகள். அரை நிமிடம் அவள் ஒன்றும் பேசவில்லை.

"கேக்குதா அம்மா?"

"என்னது? ஒண்டும் கேக்கேல்லையே."

"அதைத்தான் கேக்கச் சொன்னனான்," என்று சிரித்தாள். "உங்கட பக்கத்து லொறிச் சத்தம்தான் இஞ்ச மட்டும் வருது."

நான் அப்போது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் என் சொந்த வீட்டின் முன்னறையில் இருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளின் சத்தத்தை நான் கேட்பதை விட்டே பல வருடமாகியிருந்தது.

லண்டனுக்கு வெளியே, ரயிலில் முக்கால் மணித்தியாலம் போனால் வரும் ஊர் அது. ஒரே சுவரைப் பங்கிட்டு ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளில் ஒன்றைத்தான் அவளும் மருமகனும் வாங்கப் பார்த்தார்கள். படியேறிப் போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். மூன்றாவது அறை வாசலுக்கு நேர் மேலே இருந்தது. ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் வைத்தால் ஆள் திரும்ப இடமிராது.

"இது உங்கட அறை," என்றாள்.

நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். அந்தச் சொல்லை நம்பி நான் செய்ததையும், நம்பாமல் நான் செய்ததையும்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அவளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அவளுடைய அப்பா காலமாகிவிட்டார். வேறு பிள்ளைகள் இல்லை. நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்து அவளைப் படிப்பித்தேன். இருபத்தாறு வருடம் காணி, வீட்டு உறுதிப் பத்திரங்களை அடித்திருக்கிறேன். தாய் மகளுக்கு வீடு எழுதிக் கொடுப்பாள், தகப்பன் மகனுக்குக் கொடுப்பார். அநேகமாக எல்லா நன்கொடை உறுதிகளிலும் ஒரு வசனம் வரும். கொடுப்பவர் தம் சீவிய காலம் முடியும் வரைக்கும் அந்த வீட்டில் இருக்கும் உரித்தைத் தமக்கே வைத்துக்கொள்கிறார் என்ற வசனம். வீடு பிள்ளையின் பெயருக்குப் போய்விடும். ஆனால் சாகும்வரை யாரும் எழும்பிப் போ என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதேதான் அதை வாசித்துக் காட்டுவோம். யாரும் முகம் சுளித்ததில்லை. உறுதி என்றால் அப்படித்தான் இருக்கும்.

அந்த வசனம் வேண்டாம் என்று சொல்லும் தாய்மாரும் இடைக்கிடை வருவார்கள். பிள்ளை மனம் நோகும் என்பார்கள். எங்கள் நொத்தாரிசு ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வார்: "அப்ப பாயையும் கொண்டு வாங்கோ அம்மா. நாளைக்கு என்ர கந்தோரிலதான் படுக்க வேண்டி வரும்." அவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைப்பார்கள். சிரிக்காமல், அந்த வசனம் இல்லாமலே எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஒருத்தி, மூன்று வருடம் கழித்து ஒரு துணிப்பையோடு வந்து, எழுதியதை மாற்றலாமா என்று கேட்டாள். மாற்ற முடியாது என்று அவளிடம் சொன்னது நான்தான்.

மகளுக்கு வங்கிக் கடன் கிடைக்க முற்பணம் போதவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டை விற்றேன். அவள் கேட்டு அல்ல. வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாம் என்றுதான் சொன்னாள். நான்தான் அவசரப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பகிடி பண்ணினாள்: "அங்க போய் ஆரோட கதைக்கப் போறீர்? சண்டை பிடிக்கவும் ஒரு சனம் இராதாம்." நான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்து, சாமான்களில் பாதியை அவிழ்க்காமலே வைத்தேன். எப்படியும் அங்கே போகத்தானே போகிறேன் என்ற எண்ணம்.

பிறகு அவர்களுடைய வழக்கறிஞரிடமிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. ஒரே ஒரு பக்கம். இந்தப் பணம் அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன், அந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இனியும் கோரமாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்து அனுப்பினால் சரி.

அதை மூன்று நான்கு தரம் வாசித்தேன். என் கண்ணுக்கு அது அரைகுறையாக அடித்த உறுதிபோல இருந்தது. ஒரு வசனம் விடுபட்டதுபோல. மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைகள் நிறைந்த காலி வீதியில் தட்டச்சும் ஸ்கேனும் செய்யும் ஒரு கடைக்குப் போய், அந்தப் படிவத்தின் வாசகத்தையே திரும்ப அடித்து, கீழே என் வசனத்தையும் சேர்த்தேன்: என் சீவிய காலம் முழுவதும் அந்த வீட்டில் வசிக்கும் உரித்துக்கு உட்பட்டு. நல்ல ஆங்கிலம். ஒரு பிழை இல்லை. கையெழுத்து வைத்து நேரே வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தேன். அன்றைக்கு மனம் இலேசாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழக்கதோஷம் என்று பிறகு எல்லாருக்கும் சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தத் துணிப்பைக்காரி.

நான்காம் நாள் மகள் தொலைபேசி எடுத்தாள். அங்கே வேலை நேரம். தான் வேலை செய்யும் மருந்தகத்தின் பின்பக்கத்தில் நின்று கதைத்திருக்க வேண்டும், குரல் அடங்கியிருந்தது.

"அம்மா, லோயருக்கு என்ன அனுப்பினீங்கள்?"

"அந்த ஃபோம்தான் பிள்ளை. கொஞ்சம் திருத்தி."

"பாங்க் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டுது. வீட்டில வேற ஆருக்கோ உரிமை இருக்கெண்டால் கடன் தர ஏலாதாம்."

"வேற ஆரோ இல்லையே. நான்தானே."

"நான் உங்களை வெளியில விட்டிடுவன் எண்டு நினைச்சனீங்களா?"

"இஞ்ச எல்லாரும் எழுதிறதுதான் பிள்ளை. உன்ர அப்பாவின்ர அம்மாவும் எழுதினவ."

"ஓம் அம்மா," என்றாள். அந்த ஓமில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கே பழைய படிவத்தில் அப்படியே கையெழுத்து வைத்து அனுப்பினேன். ஆனால் வங்கி திரும்ப முதலில் இருந்து விசாரிக்கத் தொடங்கியது. அந்த வீட்டை விற்க இருந்தவர்களும் வேறெங்கோ ஒரு வீட்டுக்குக் குடிபோகக் காத்திருந்தவர்கள். மூன்று கிழமை கழித்து அவர்கள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மருமகன்தான் எனக்குச் சொன்னார். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் தட்டித் தட்டித்தான் வரும். "பரவாயில்ல மாமி. இது இஞ்ச நடக்கிறதுதான்," என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வேறு வீடு வாங்க அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. விலை ஏறிவிட்டிருந்தது. இன்னும் தள்ளி இன்னொரு ஊரில், இரண்டு அறை வீடு. திரும்பவும் ஒரு படிவம் வந்தது. நான் வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். அடுத்த வருடம் பேரன் பிறந்தான். இரண்டாவது அறை அவனுடையது.

போன வருடம் ஆடியில் ஆறு கிழமை போய் நின்றேன். முன்னறையில், இரவில் விரித்தால் கட்டிலாகும் சோபாவில் படுத்தேன். மருமகன் கீழே இறங்கி வர முன்னம் எழும்பி, போர்வையை மடித்து, சோபாவைச் சோபாவாக்கிவிடுவேன். அவசரப்படவேண்டாம் மாமி என்று அவர் சொல்வார். நான் இன்னும் கொஞ்சம் முந்தி எழும்புவேன்.

அந்த ஊரின் அமைதியை எப்படிச் சொல்வது. காலையில் வீட்டுக்கு வீடு கதவு திறந்து, கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும். அதற்குப் பிறகு மாலைவரை தெரு அப்படியே கிடக்கும். கிழமைக்கு ஒருநாள் குப்பைத் தொட்டிகளை வாசலுக்கு இழுத்து வைக்கும் சத்தம். எதிர் வீட்டுப் பெரியவர் கத்தரிக்கோலால் வேலிச் செடியை வெட்டுவார், நிமிர்ந்து கையை உயர்த்துவார், மறுபடி குனிவார். ஆறு கிழமையில் அவருக்கும் எனக்கும் அவ்வளவுதான். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கும்போது நானும் அவனோடு இரகசியம் பேசுவதுபோலத்தான் பேசினேன். யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது.

புறப்பட இரண்டு நாள் இருக்க, குசினியில் மகள் குழந்தையின் போத்தல்களைக் கழுவிக்கொண்டு நின்றாள். நான் துடைத்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத வேலை என்பதால் வாய் வந்தது.

"நான் அதை எழுதினது உன்னை நம்பாமல் இல்லை."

"தெரியும்."

"பிறகேன் இவ்வளவு காலமும் அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "அதை நீங்கள் என்னட்டக் கேட்டிருக்கலாம் அம்மா. சாகும் மட்டும் உன்னோட இருக்கலாமோ எண்டு. நான் ஓம் எண்டிருப்பன். நீங்கள் அதை லோயரிட்ட எல்லே கேட்டீங்கள்."

நான் துடைத்த போத்தலையே திரும்பத் துடைத்தேன்.

வெள்ளவத்தைக்கு வந்து ஏழு மாதம் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிக் கேட்பது எனக்குத் தெரியும். வாயால் கேட்பது தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் எடுத்தபோது, சுகம் விசாரித்து முடிந்ததும், முன்னுரை ஒன்றும் இல்லாமல் கேட்டேன்.

"பிள்ளை, நான் அங்க வந்து உங்களோடயே இருக்கட்டோ?"

"ஏலாதம்மா," என்றாள். "சும்மா வந்து பாத்திட்டுப் போகத்தான் விசா தருவாங்கள். அம்மா அப்பாவை நிரந்தரமாக் கூப்பிட லேசில விடமாட்டாங்கள். நான் விசாரிச்சுப் பாத்திட்டன்."

"எப்ப விசாரிச்சனீ?"

"அந்த முதல் வீட்டு அலுவல் நடக்கேக்கயே."

அப்படியென்றால் அந்த அறை வருடத்தில் சில கிழமைகளுக்கான அறைதான். நான் சேர்த்த வசனம் அங்கே செல்லுபடியாகி இருந்தாலும், அந்த உரித்தை வைத்துக்கொண்டு நான் இங்கேதான் இருந்திருப்பேன்.

"எனக்கேன் சொல்லேல்ல? ஓம் எண்டிருப்பன் எண்டெல்லே சொன்னனீ."

"உங்கட வீடு வித்து முடிஞ்சாப் பிறகுதான் எனக்குத் தெரியும் அம்மா. பெட்டி கட்டிக்கொண்டு நிண்டீங்கள். என்னெண்டு சொல்லுறது?"

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. பின்னால் பேரன் எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். நான், சரி பிள்ளை, பரவாயில்லை பிள்ளை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, இனி என்னவென்றாலும் முதலில் தன்னிடம் கேட்கச் சொன்னாள்.

"நீயும்," என்றேன்.

"ஓம்," என்றாள்.

அதற்குப் பிறகு இருவருக்கும் கேட்க ஒன்றும் வரவில்லை. குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்க நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.