காலில் விழுந்த பல்லி

சித்திரை மாதத்து வெயிலில், என் பூத்துக்குப் போன் பேச வந்த அம்மா ஒருவர் ரிசீவரைப் பாதியில் இறக்கிவிட்டு என் காலைக் காட்டினார்.

“ஏங்க, கால்ல பல்லி வுழுந்து கெடக்கு. தெரியலையா?”

குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்த என் இடது பாதத்தின் மேல் பல்லி படுத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் துள்ளி எழுந்திருப்பார்கள். எனக்குக் காலில் எதுவும் பட்டதாகவே தெரியவில்லை.

வீட்டில் சொன்னதும் என் மாமியார் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். “பாதத்துல வுழுந்தா நோவுன்னு போட்டிருக்கு. தலைக்கு ஊத்திக்கிட்டு வெளக்கேத்து” என்றார். செய்தேன். எங்கே விழுந்தது, வலமா இடமா என்று எல்லாரும் விசாரித்தார்கள். விழுந்தது எனக்கு ஏன் தெரியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னைப் போல் சர்க்கரை நோயுள்ளவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பல்லிக்கு வைத்தியம் பார்த்த கதையா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படிக்கலாம்.

பெரம்பலூரில் அப்போது தகரக் கூரை போட்ட எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். டியூப் லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லி, நான் டீ குடிக்கும்போது மேஜைக்கு இறங்கி வந்து சிந்திய சொட்டை நக்கும். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றிப்போகும் லாரியில் டிரைவராக இருந்த என் கணவர் அதை ‘உன் பார்ட்னர்’ என்று கேலி செய்வார். போன் பேசுகிறவர்கள் நடுவில் அது சத்தம் கொடுத்தால் “பல்லியே சொல்லிடுச்சு” என்று சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். விழுந்த நாளிலிருந்து அது வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் ஏறினால் சறுக்கியது. உடம்பில் தோல் திட்டுத் திட்டாக வெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

தேங்காய் எண்ணெய் தடவினேன். நமக்கு எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து. இன்னும் மோசமாகச் சறுக்கியது. ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டு, கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனேன்.

“மாடு கன்னுதான் வரும். பல்லி இப்பதாம்மா வருது” என்று டாக்டர் சிரித்தார். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

“தோலுரிக்க ஈரம் வேணும். தகரக் கூரைக்கடியில ஈரம் ஏது? வெரல்ல மட்டும் பழைய தோலு நின்னுபோயி மோதிரம் மாதிரி இறுக்குது. ரத்தம் போகாம வெரல் செத்துடும். எண்ணெய் வேணாம், பிச்சி இழுக்கவும் வேணாம். ஈரத்துணியில வெச்சிருங்க. ஊறினப்பறம் பஞ்சால உருட்டி எடுங்க.”

டப்பா மூடியில் ஓட்டை போட்டு, நனைத்த பருத்தித் துணியை உள்ளே விரித்தேன். பூத்தில் கூட்டம் இல்லாதபோது காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு விரலாக, அடியிலிருந்து நுனிக்கு, மெதுவாக உருட்டுவேன். பயந்தால் வாலை விட்டுவிடும் என்பதால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன்.

சில நாட்களில் பூத்தில் ஒரு நாற்றம் கிளம்பியது. வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பல்லி அழுகுகிறது என்று நினைத்து, டப்பாவைக் கழுவினேன், துணியை மாற்றினேன். நாற்றம் போகவில்லை.

ஒரு பகலில் தரையில் சம்மணமிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். முன்னங்கால் விரலில் இறுகியிருந்த தோல் வளையம் கழன்று வந்தது. அதற்குக் கீழே விரல் கறுத்திருந்தது. டப்பாவுக்குப் பக்கத்திலேயே என் இடது பாதம் இருந்தது. இரண்டாவது விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. விரல் நுனியில் அதே கறுப்பு. நாற்றம் என்னிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மாமியாரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சர்ஜன் என் பாதத்தில் ஊசியால் குத்திக் குத்தி, “தெரியுதா?” என்று கேட்டார். தெரியவில்லை. நியூரோபதி (சர்க்கரையால் நரம்புகள் உணர்விழப்பது), கேங்க்ரீன் (ரத்தம் போகாமல் சதை அழுகுவது) என்றார்.

“இன்னிக்கே மெட்டிய வெட்டி எடுக்கணும். வெரல் போயிடும். தள்ளிப்போட்டா பாதமும் சேர்ந்து போயிடும்.”

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவன் ரோட்டுல இருக்கான். இந்த நேரத்துல மெட்டியக் கழட்டுவாங்களா? ஒரு வார்த்தை அவனக் கேட்டுடு தாயி.”

அவரை மூடநம்பிக்கைக்காரி என்று நினைக்க வேண்டாம். எனக்கும் அதே பயம்தான். கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. ஊரெல்லாம் பேச போன் வைத்திருந்த நான், அவரே கூப்பிடட்டும் என்று பூத்தில் காத்திருந்தேன். மறுநாள் காலை டப்பாவைத் திறந்தபோது ஈரத்துணியில் கடுகளவு ஒன்று கறுப்பாகக் கிடந்தது. பல்லியின் விரல்.

மதியம் போன் வந்தது. சொன்னேன். பின்னால் லாரி ஹாரன்கள் கத்திக்கொண்டிருந்தன.

“லோடு எறக்கிட்டு வூட்டுக்கு வந்துடறேனே. அப்பறம் வெட்டிக்கலாம்.”

“அதுக்குள்ள கால் போயிடுங்க.”

“எனக்கு பயமா இருக்கு புள்ள.”

“எனக்கும்தான்” என்று சொல்லிப் போனை வைத்தேன். ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

மெட்டியை வெட்டினார்கள், விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. வார்டில் படுத்திருந்தபோது காலைப் பற்றிய கவலையே இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் வந்தவரின் முகத்தைத்தான் பார்த்தேன், என்ன சேதியோ என்று. கடைசியில் அவரே வந்தார், தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு. அவரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தூங்கினேன்.

நான் படுத்திருந்த நாட்களில் பல்லியின் துணியை நனைத்து வைத்தவர் என் மாமியார். ஒரு விரல் குறைந்தாலும் அது மறுபடி கண்ணாடியில் ஏறியது.

தினமும் காலையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டிலுள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள்.

விரல் இருந்தவரை எனக்கு அங்கே உணர்வே கிடையாது. எடுத்த பிறகு வலிக்கிறது. மாய வலி (நீக்கிய உறுப்பு இன்னும் இருப்பதுபோல் வலிப்பது) என்று சர்ஜன் பெயர் சொன்னார். சில மதியங்களில், லாரி இல்லாத நாட்களில், கணவர் என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

“இங்கயா?” என்று தழும்பை அழுத்துவார்.

“இல்ல, இன்னும் கொஞ்சம் முன்னால.”

அவர் விரல்கள் தழும்பைத் தாண்டி வரும். ஒன்றுமில்லாத இடத்தில், மெதுவாக, பிடித்துவிடுவார்.